அவசரப் பிரிவில் அக்குபஞ்சர்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கணுக்கால் பிசகி வந்த ஒருவர், மாத்திரை வேண்டாம், அக்குபஞ்சர் உண்டா என்று கேட்டார். கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்த அவர் விரல்கள் வெளுத்திருந்தன. என்னிடம் பதில் இல்லை.

மெல்போர்னில் நான்கு மருத்துவமனைகளில் 528 பேரிடம் நடத்தி, 2017இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். இடுப்புவலியிலும் சுளுக்கிலும் அக்குபஞ்சர் மருந்துக்கு ஈடாக நின்றிருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நல்ல நிவாரணம் கண்டவர்கள், மருந்துக் குழுவையும் சேர்த்தே, 40 சதவீதத்துக்கும் குறைவு. (மருந்தைப் பற்றிய என் நம்பிக்கையும் கொஞ்சம் ஆடிப்போனது.)

எனக்குத் தெரிய வேண்டியது நடைமுறை. ஊசிகள் தோலில் இருக்கும்போதே எக்ஸ்ரேக்கு அழைத்தால் என்ன செய்கிறீர்கள்? ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குக் குத்துவீர்களா? எடுத்த ஊசிகளை எண்ணிச் சரிபார்ப்பது யார் பொறுப்பு?