கூடைப்பந்து கால்பந்தை எட்டிப் பிடிக்குமா? நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

ரவுண்டானா, அண்ணா நகர்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதே பேச்சுதான். இன்னும் ஒரு தலைமுறையில் ஃபுட்பாலை பாஸ்கட்பால் ஓரங்கட்டிவிடுமாம். ஆதாரமும் கையோடு வைத்திருக்கிறான்: சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தில் 212 நாட்டுச் சங்கங்கள், ஃபிஃபாவில் 211. சங்கம் இருந்தால் ஆச்சா, எங்கள் தெருவுக்கும்தான் நலச்சங்கம் இருக்கிறது, தெருவிளக்கு எரிகிறதா என்றேன். மசியவில்லை. புள்ளிவிவரம் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்கலாம். நீங்கள் ஆடியது, பார்த்தது, பிள்ளைகளிடம் கவனித்தது எதுவானாலும் எழுதுங்கள்.

முல்லை நகர்க்காரன், வியாசர்பாடி

எங்கள் ஏரியாவை மினி பிரேசில் என்று பேப்பரில் எழுதுவார்கள். ஐஎஸ்எல் என்கிற இந்திய ஃபுட்பால் லீக் வரைக்கும் போன பையன்கள் இங்கே வளர்ந்தவர்கள். அதனால் நான் எந்தப் பக்கம் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் பாஸ்கட்பாலும் ஒருமுறை எங்கள் தெருவுக்கு வந்துபோனது.

வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலேஜில் பாஸ்கட்பால் ஆடியவர். கம்பியை வளைத்து ரிங் அடித்து, பழைய கதவுப் பலகையைப் போர்டாக்கி, கிரவுண்டு ஓரத்தில் நட்டுவிட்டார். முதல் நாள் நல்ல கூட்டம். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடச் சொல்லிக்கொடுத்தார். சிக்கல் அங்கேதான் வந்தது. மண்ணில் பந்து எகிறவில்லை. தட்டினால் பொத்தென்று விழுந்து முட்டிக்குக் கீழேயே நின்றுவிடும், கல்லில் பட்டால் பக்கவாட்டில் ஓடிவிடும். பையன்கள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓடினார்கள், அண்ணன் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார். கொஞ்ச நாளில் அந்தப் பந்தையே உதைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்கட்பால் என்ன கனம் என்று தெரியும்தானே? வெறுங்காலில் உதைத்தவன் ஒவ்வொருவனும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். போர்டு யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ போய்விட்டது.

ஃபுட்பாலுக்கு மண், புல், தார் ரோடு எல்லாம் ஒன்றுதான். இரண்டு செங்கல் வைத்தால் கோல். பாஸ்கட்பாலுக்குச் சிமென்ட் தரை வேண்டும். அந்தச் சிமென்ட் தரை சென்னையில் எப்போதும் ஏதோ ஒரு காம்பவுண்டுக்குள்ளேதான் இருக்கிறது.

பழைய பாயின்ட் கார்டு, பெரம்பூர்

முல்லை நகர்த் தம்பி சொல்வது உண்மை. கேட்டையும் வாட்ச்மேனையும் தாண்டினால்தான் ரிங். ஆனால் அந்தக் காம்பவுண்டுக்குள் ஆடியது யார் என்றும் பாருங்கள். நாங்கள், பெண்பிள்ளைகள்.

நான் படித்த பள்ளியில் ஃபுட்பால் என்ற பேச்சே கிடையாது. த்ரோபால், கோகோ, பாஸ்கட்பால், அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கு மாஸ்டர் வந்து நிற்பார். ராத்திரி மழை பெய்து கோர்ட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால், ஆளுக்கொரு முனை பிடித்துச் சாக்குப்பையால் இழுத்துத் தள்ளிவிட்டு லே-அப், அதாவது ஓடி வந்து ரிங் பக்கத்தில் எகிறிப் பந்து போடுகிற பயிற்சி, ஆரம்பிப்போம். ஈரத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு போகும், இரண்டு கையாலும் பிடித்துப் பழகியது அப்போதுதான். பஸ் ஸ்டாப்பில் நான் ஷார்ட்ஸோடு நின்றதைப் பார்த்து வீட்டில் வந்து பெரிய பஞ்சாயத்து வைத்தார் பெரியப்பா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டும் அப்புறம் வேலையும் கிடைத்தபோது, என் தம்பி மகளுக்கு மாஸ்டர் நம்பர் வாங்கித் தரச் சொன்னவரும் அவரேதான்.

2009-இல் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் நம் நேரு உள்விளையாட்டரங்கில்தான் நடந்தது. கோப்பையை சீனா கொண்டுபோனது. அவர்கள் பந்து கைமாற்றுகிற வேகத்தை கேலரியில் உட்கார்ந்து பார்த்தபோது, நாங்கள் ஆடியதும் இதே ஆட்டம்தானா என்று சந்தேகமே வந்துவிட்டது. நம்மூர் அனிதா பால்துரை இந்திய அணிக்கே கேப்டனாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் பெயரை உங்கள் ஆபீஸில் சொல்லிப் பாருங்கள் ரவுண்டானா சார், எத்தனை பேர் தலை நிமிர்கிறார்கள் என்று.

உலக அளவிலும் இதே கதைதான். பெண்களுக்கான முதல் உலகக் கூடைப்பந்துப் போட்டி 1953-இல் சிலியில் நடந்துவிட்டது. கால்பந்தில் பெண்களுக்கு உலகக்கோப்பை வர 1991 ஆனது. ஒலிம்பிக்கில் பெண்கள் பாஸ்கட்பால் 1976, பெண்கள் ஃபுட்பால் 1996. இங்கிலாந்தில் 1921-இல் கால்பந்துச் சங்கத்து மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டு, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் அப்படியே வைத்திருந்தார்கள். இவ்வளவு முன்னால் கிளம்பியும் பாஸ்கட்பால் அந்த முன்னிலையைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இப்போது பெண்கள் ஃபுட்பாலுக்கு ஸ்டேடியம் நிரம்புகிறது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைக்கவில்லை.

மணிலா ரிட்டர்ன், மடிப்பாக்கம்

வேலைக்காக மணிலாவில் இருந்தேன். அங்கே போய் ஃபுட்பால் பெரிசு என்று சொன்னால் சிரிப்பார்கள். சந்துக்குச் சந்து ரிங். தென்னை மரத்தில் அறைந்தது, மின்கம்பத்தில் கட்டியது, சைக்கிள் ரிம்மை மாட்டியது என்று விதவிதமாக இருக்கும். ரப்பர் செருப்போடு ஆடுகிறார்கள், நடுவில் வண்டி வந்தால் விலகி வழிவிட்டு மறுபடி தொடர்கிறார்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் கூரை போட்ட கோர்ட் ஒன்று உண்டு. கல்யாண விருந்து அதில்தான், புயல் வந்தால் ஜனம் தங்குவதும் அதில்தான். அவர்களுடைய தொழில்முறை லீக் 1975-இல் தொடங்கியது, ஆசியாவிலேயே முதலாவது. 2023 கூடைப்பந்து உலகக்கோப்பையின் தொடக்க நாளில் பிலிப்பைன்ஸ் ஆடிய மேட்சுக்கு 38,115 பேர் வந்தார்கள். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய கூட்டம். தோற்றுப்போனார்கள், அது வேறு.

உயரம் வேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன், சராசரி பிலிப்பினோ நம்மைவிட உயரம் கிடையாது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டி இந்த ஆட்டத்தைத் தொடங்கியதே ஒய்எம்சிஏ பள்ளியில்தான். மணிலாவுக்கு அதைக் கொண்டுபோனதில் ஒய்எம்சிஏவுக்குப் பங்கு உண்டு. நமக்கும் அப்படித்தான், ஒய்எம்சிஏவின் ஹாரி பக் 1920-இல் சென்னையில் ஆரம்பித்த உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ஆட்சியில் அரசுப் பள்ளிகளில் எல்லாம் பாஸ்கட்பாலைக் கற்றுக்கொடுத்தார்கள், அங்கிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது. இங்கே நந்தனத்திலிருந்து சைதாப்பேட்டைச் சந்துக்குள் வருவதற்குள் கிரிக்கெட் மட்டை வந்துவிட்டது.

காலை ஷிஃப்ட், அம்பத்தூர்

நான் என்பிஏ, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், பைத்தியம். 2019-இலிருந்து 2025 வரை அதில் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது வாங்கிய அத்தனை பேரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்: கிரீஸின் யானிஸ், செர்பியாவின் யோகிச், கேமரூனின் எம்பீட், கனடாவின் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். உலக ஆட்டமாகிவிட்டது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் மேட்ச் நமக்கு விடிகாலையில் தொடங்கி ஆபீஸ் கிளம்புகிற நேரம் வரை ஓடுகிறது. பல் தேய்த்துக்கொண்டே நான்காவது குவார்ட்டர் பார்க்கிற ஆள் எங்கள் லைனில் நான் ஒருவன்தான். இங்கிலாந்து ஃபுட்பாலின் பிரீமியர் லீக் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை டிவியிலேயே ஓடும். என்பிஏவின் சிகாகோ புல்ஸ் அணியுடைய 23-ஆம் நம்பர் பனியன் போட்ட பையன்களைத் தி.நகரில் நிறையப் பார்க்கலாம். எந்த டீம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

சீனாவில் 2002-க்குப் பிறகு என்பிஏவுக்குப் போன யாவ் மிங் ஒரே ஆள் நாட்டையே டிவி முன்னால் உட்கார வைத்தார். 2015-இல் நம் சத்னம் சிங்கை என்பிஏவின் டாலஸ் அணி எடுத்தபோது நானும் அப்படித்தான் கனவு கண்டேன். ஆனால் அவர் என்பிஏவில் ஒரு மேட்சுகூட இறங்கவில்லை.

ரவுண்டானா, அண்ணா நகர்

எல்லாவற்றையும் தம்பிக்குக் காட்டினேன். மணிலா கதையை மட்டும் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா என்கிறான். சரி, முந்துவதெல்லாம் இப்போதைக்கு நடக்காது, ஆனால் ரிங் தெருவுக்கு வந்த ஊரில் ஃபுட்பால் தோற்கிறது என்பது வரைக்கும் நானும் இறங்கி வந்துவிட்டேன். டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பக்கத்துக்கு மூன்று பேர் ஆடுகிற மூன்றுக்கு மூன்று பாஸ்கட்பாலும் சேர்ந்துவிட்டது. பாதி கோர்ட், ஒரே ரிங், 10 நிமிஷம் அல்லது 21 பாயின்ட். எங்கள் அபார்ட்மென்ட் பின்பக்கத்துச் சிமென்ட் தரையே போதும். அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்டேன். கார் கண்ணாடிக்கு யார் பொறுப்பு என்றார் செக்ரட்டரி. பந்து பக்கத்தில் போகாதபடி வலை கட்டித் தருகிறேன் என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். போர்டு மரத்தில் போடலாமா?

பழைய பாயின்ட் கார்டு, பெரம்பூர்

மரம் வேண்டாம் சார், இரண்டு ஐப்பசி மழைக்கு ஊறிப் பிளந்துவிடும். ஃபைபர் போடுங்கள். பெரியவர்களுக்கு ரிங் 10 அடி, சின்னப் பிள்ளைகள் என்றால் எட்டரை அடி. உயரம் மாற்றுகிற மாதிரி கம்பத்தில் ஓட்டை போடச் சொல்லிவிடுங்கள், வெல்டருக்கு அது பெரிய வேலையில்லை. அபார்ட்மென்ட் பெண்பிள்ளைகளுக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பையன்கள் இடமே விட மாட்டார்கள்.