ஹார்வர்ட் சட்ட இதழ்க் கட்டுரை: இரண்டு இடங்களில் முட்டி நிற்கிறேன்

வணக்கம். 1890 டிசம்பரில் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் அமெரிக்க வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் எழுதிய அந்தரங்க உரிமைக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சட்டம் படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. நொடியில் எடுக்கும் புகைப்படமும் வம்புச் செய்திப் பத்திரிகையும் வீட்டுக்குள் நுழைகின்றன என்று அன்றே புலம்பியவர்கள் இந்த இருவரும். (செல்போனைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ!) அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பிலும் இந்தக் கட்டுரை பேசப்படுகிறது.

முதல் சிக்கல், அமெரிக்க நீதிபதி தாமஸ் கூலியிடமிருந்து அவர்கள் எடுத்தாண்ட 'ரைட் டு பி லெட் அலோன்'. 'தனித்து விடப்படும் உரிமை' என்று போட்டால், முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. 'சும்மா விடும் உரிமை' என்றால் போலீஸ் யாரையோ விட்டுவிட்ட தொனி. இப்போதைக்கு 'தொந்தரவின்றி இருக்கும் உரிமை' என்று வைத்திருக்கிறேன். மூலத்தின் வெடுக்கென்ற குணம் அதில் இல்லை.

அடுத்தது, அறைக்குள் கிசுகிசுத்தது கூரை மேலிருந்து முழங்கும் என்று வரும் வரி. லூக்கா சுவிசேஷத்தின் எதிரொலி அது. அங்கே 'குளோசெட்' என்பது அலமாரி அல்ல, உள்ளறை. தமிழ் பைபிள் நடையிலேயே கொடுக்கலாமா, இல்லை சாதாரணமாகச் சொல்லிவிடலாமா?

அப்புறம் ஒன்று. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வில்லியம் பிராசர் 1960இல் கலிபோர்னியா லா ரிவ்யூவில் அந்தரங்க மீறலை நான்கு வகையாகப் பிரித்தாரே, அந்த நான்குக்கும் தமிழ்ச் சட்டநூல் எதிலாவது கலைச்சொல் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் போதும். வரும் ஞாயிறுக்குள் கிடைத்தால் நல்லது.