கைவிடப்பட்ட பழைய கிடங்கைப் பொதுக் கலைக்கூடமாக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
நூறாண்டைக் கடந்த, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டப்பட்ட இருதளக் கிடங்கு ஒன்றை, நாடக ஒத்திகைக்கும் ஓவியப் பயிற்சிக்கும் நடனத்துக்கும் உரிய பொதுக் கலைக்கூடமாக மாற்ற எங்கள் குழு எண்ணியுள்ளது. நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததால் சுவரின் அடிப்பகுதி ஓதமேறி உதிர்கிறது, மேல்தளம் மரத்தாலானது. கையிருப்பு குறைவு என்பதால், சிமெண்ட் பூசி வெள்ளையடித்து உடனே திறந்துவிடலாம் என்கின்றனர் சிலர். அது சரியா?

பதில் 1:
சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை ஆவியாக வெளியேற விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால், உப்புகள் பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகி, செங்கல்லின் முகத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். சில காலம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. கூரை ஒழுக்கையும் மழைநீர் வடிகாலையும் சரிசெய்து, சுவர் உலர்ந்த பிறகே பூச்சைப் பற்றி யோசியுங்கள். புறா எச்சம் இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வித்துகள் இருக்கக்கூடும்.

பதில் 2:
எனக்கு மேல்தளம்தான் கவலையளிக்கிறது. வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குக் கணக்கிடுவார்கள். மக்கள் கூடி ஆடும் தளத்துக்கு அது சுமார் 500 கிலோ. கிடங்குதானே, தாங்கும் என்று எண்ண வேண்டாம்: அசையாமல் கிடக்கும் மூட்டை வேறு, ஒரே தாளத்தில் பலர் குதிக்கும் அதிர்வு வேறு. அதோடு, ஈரச்சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனைதான் முதலில் உளுக்கும்; அது வெளியே தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் அதைத் திறந்து பார்க்காமல் மேலே நடனம் கூடாது. மாடிக்கு ஒரே படிக்கட்டு என்றால், தீ விபத்தை எண்ணி இரண்டாவது வழியும் தேவை.

பதில் 3:
இரண்டு பதில்களையும் ஏற்கிறேன். ஆயினும் எல்லாம் முடியும்வரை கதவைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலையொன்றை செஸ்க் பொம்பேயா என்னும் பண்பாட்டு மையமாக்கிய கட்டடக் கலைஞர் லினா போ பார்தி, மக்கள் ஏற்கெனவே அங்கே கூடி மகிழ்வதைக் கண்டு, கொட்டகைகளை இடிக்காமல் அந்த உயிர்ப்பைக் காத்தார். கொட்டகைப் பகுதி 1982இலும், விளையாட்டுக்கெனப் புதிதாகக் கட்டிய கோபுரங்கள் 1986இலும் திறக்கப்பட்டன. நீங்களும் தரைத்தளத்தில் பாதுகாப்பான ஒரு கூடத்தை மட்டும் முதலில் திறக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. சிமெண்ட் யோசனையைக் கைவிடுகிறோம். கூரை வேலை முடிந்ததும் ஓவிய வகுப்பைத் தரைத்தளத்தில் தொடங்குவோம். மேல்தளம் பொறியாளர் பார்க்கும்வரை பூட்டியே இருக்கும்.