டிசம்பரில் பிறந்த மே மாதத்துக்காரி

16 வயதில் எனக்குக் கிடைத்த இலங்கைத் தேசிய அடையாள அட்டையில் பிறந்த திகதி 1987.12.05. நான் பிறந்ததோ மே 12. பாடசாலையில் போர்ம் நிரப்பும்போது மாதமும் நாளும் இடம் மாறிவிட்டன. நிரப்பியது யார் என்று இப்போது கேட்டு என்ன பயன், கையெழுத்து வைத்தது நான்தான்.

"பிறகு மாத்தலாம்" என்றார் அம்மா. அந்தப் பிறகு 20 வருடமாகிவிட்டது. வங்கிக் கணக்கு, வேலை, சிம் எல்லாம் டிசம்பர்க்காரியின் பெயரில். மச்சாளின் கல்யாணத்துக்குச் சென்னை போகப் பாஸ்போட் எடுக்கப் போனபோதுதான் மாட்டினேன். முதலில் அட்டையைத் திருத்திவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

திகதியை மட்டும் மாற்றித் தருவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நமது அட்டை எண்ணுக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். என்னுடையது 87840 என்று தொடங்கியது. திருத்தினால் எண்ணே மாறும்.

அன்றிரவு தங்கச்சி கலண்டரை வைத்து விரல்விட்டு எண்ணினாள். மே 12 வரை 132 நாள், ஆகவே 632. கிராம உத்தியோகத்தரோ 633 என்கிறார். இதிலும் பிழை வந்துவிட்டால் இன்னொரு 20 வருடமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த நாள் வெள்ளவத்தையில் அவருடைய கந்தோருக்கே போய்க் கேட்டேன். சிரித்தார். "மிஸ், பெப்ரவரியை எந்த வருசமும் 29 என்றுதான் கணக்கெடுப்பாங்க." அவ்வளவுதான் விஷயம்.

மற்றதெல்லாம் அலைச்சல்தான். ஸ்டூடியோவில் படம், பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து, பிரதேச செயலகம், அப்புறம் பத்தரமுல்லையில் ஆட்பதிவுத் திணைக்களம். வேலைக்கு லீவு போட்டே களைத்தேன்.

ஒன்று மட்டும் சரியாகச் செய்தேன். பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோகொப்பி எடுத்து வைத்தேன். நீங்களும் கட்டாயம் எடுங்கள். புதிய அட்டை 12 இலக்கம், 1987633 என்று தொடங்குகிறது. அதைக் கொண்டு வங்கிக்குப் போனால், "இந்த எண்ணில் கணக்கே இல்லையே" என்றாள் கவுண்டர்ப் பிள்ளை. இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையதுதான் என்று நிரூபிக்க அந்தக் கொப்பிதான் உதவியது. வேறு கடிதமும் கேட்டார்கள், அது தனிக்கதை.

பாஸ்போட் வந்துவிட்டது, கல்யாணம்தான் முடிந்துபோயிற்று. சேமலாப நிதிக் கணக்கு இன்னும் பழைய எண்ணில் கிடக்கிறது. நான் வேலை செய்யும் கந்தோரிலும் பிறந்த திகதியை மாற்றக் கடிதம் கொடுத்தேன். போன டிசம்பர் 5ஆம் திகதியும் மேசையில் கேக் இருந்தது. வெட்டிச் சாப்பிட்டோம்.