மரத்தில் ஏறிய பூமாவுக்கு எது: .22 மேக்னமா, 30-30யா?

போய்சிவாசி:
இந்தப் பனிக்காலம் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் நாய்களோடு பூமா (மலைச்சிங்கம் என்கிற பெரிய காட்டுப்பூனை) வேட்டைக்குப் போகிறேன். உரிமம், டேக் (ஒரு விலங்கைச் சுட அனுமதிக்கும் சீட்டு) எல்லாம் வாங்கியாச்சு. கூட வரும் நாய்க்காரர் ".22 மேக்னம் போதும், தோலும் கெடாது" என்கிறார். என் மாமனார் தன்னுடைய பழைய வின்செஸ்டர் 94 ரைபிளை நீட்டுகிறார், 30-30 தோட்டா. யார் பேச்சைக் கேட்பது?

மோப்பக்காரன்:
நாய்க்காரர் பேச்சை. இடாஹோவில் மான், எல்க் (பெரிய மான் வகை), கரடி எதையும் ரிம்ஃபயர் துப்பாக்கியால் (.22 மேக்னம் போல, அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் சிறிய தோட்டா) சுடக் கூடாது. பூமாவுக்கும் பொறியில் சிக்கிய ஓநாய்க்கும் மட்டும்தான் விலக்கு. அதற்குக் காரணம் இருக்கிறது. நாய்கள் மரத்தில் ஏற்றிவிட்ட பூமாவைப் பத்துப் பதினைந்து கஜத்தில் நின்று சுடுகிறோம். தோல் மெல்லியது, எலும்பும் கனமில்லை. நல்ல ஆண் பூமாவே 60, 65 கிலோதான் வரும். 1901-ல் கொலராடோவில் மீக்கர் பக்கம், அதே ஆண்டில் பின்னர் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் கொன்ற பூமா பல்லாண்டுகள் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அதுவே 227 பவுண்டுதான் (சுமார் 103 கிலோ). இதற்கு எல்க் துப்பாக்கி எதற்கு?

எல்க்மலை:
விதி விடுகிறது என்பதற்காக அதுவே போதும் என்று ஆகிவிடாது. .22 மேக்னம் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 300 அடி-பவுண்டு. 30-30 சுமார் 1,900. சிறிய குண்டு நுரையீரலில் பட்டாலும் பூமா உடனே சாகாது. அரை நிமிடம் உயிர் இருந்தால் போதும், மரத்திலிருந்து குதித்து ஓடிவிடும். நாய்கள் விடுமா? பள்ளத்தில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்துத் திரும்பி நிற்கும் பூமாவிடம் முதலில் போய்ச் சேரும் நாயின் முகம் கிழிந்துதான் திரும்பும். தோல் கெடும் என்று கவலைப்படுகிறவர்கள் நாயைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அந்தப் பூமாவைப் பற்றியும்தான்.

மோப்பக்காரன்:
சுடுவதற்கு முன் நாய்களைப் பிடித்துத் தள்ளிக் கட்டாதவன் எந்தத் துப்பாக்கி வைத்திருந்தாலும் வேட்டைக்கு லாயக்கில்லை. சரி, உங்கள் 30-30-க்கே வருவோம். மேல்நோக்கிச் சுடுகிறீர்கள். குண்டு பூமாவைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. பின்னால் என்ன இருக்கிறது? வானம். அது எந்தச் சரிவில் போய் விழும் என்று உங்களால் சொல்ல முடியுமா?

எல்க்மலை:
இது நியாயமான கேள்வி. அதனால்தான் மரத்தைச் சுற்றி வந்து இடம் பார்க்கச் சொல்கிறேன். பூமாவுக்குப் பின்னால் மலைச்சரிவோ தடித்த தண்டோ வரும்படி நில்லுங்கள். அப்படி இடம் கிடைக்காவிட்டால் சுடாதீர்கள். .22-ம் வானத்தை நோக்கிப் போனால் ஆபத்துதான்.

போய்சிவாசி, இன்னொன்று. கீழிருந்து சுடும்போது நேர்மட்டத்தில் குறிவைக்கும் இடத்தில் வைத்தால் குண்டு நுரையீரலின் மேல்பகுதியை மட்டும் உரசிவிட்டுப் போய்விடும். அது எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று முதலில் மனதில் பாருங்கள், அங்கிருந்து கோடு இழுத்து உள்ளே போகும் இடத்தை முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில் கொஞ்சம் கீழே வரும். தலையில் மட்டும் வேண்டாம். மண்டை ஓட்டையும் தோலையும் அதிகாரியிடம் காட்ட வேண்டும், வயது பார்க்க ஒரு பல்லை எடுப்பார்கள்.

ஓரிகன் ஈரம்:
நீங்கள் இருவரும் நாய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசுகிறீர்கள். ஓரிகனில் 1994-லும் வாஷிங்டனில் 1996-லும் மக்கள் வாக்களித்துப் பூமா வேட்டையில் நாய்களைத் தடுத்துவிட்டார்கள். இங்கே முயல் கதறும் ஒலியை எழுப்பிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்போம். பூமா 20 கஜத்திலும் தலைகாட்டும், 150 கஜத்துக்கு அப்பால் மரவரிசை ஓரத்திலும் நிற்கும். எனக்கு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைத்த .243 ரைபிள்தான். ஆனால் மரத்தடியில் நிற்கிற உங்களுக்கு அது வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில், வேகமாகப் போய் உடையும் இலகுவான குண்டு தோலில் பெரிய ஓட்டை போட்டுவிடும்.

கொலராடோ வாக்காளர்:
2024-ல் எங்கள் மாநிலத்தில் பூமா வேட்டையைத் தடைசெய்யக் கேட்டுப் 127-ஆம் முன்மொழிவு வந்தது. ஆதரித்து வாக்களித்தேன், தோற்றுவிட்டது. எனக்கு இந்த வேட்டையே ஒப்பவில்லை. ஆனாலும் போகத்தான் போகிறீர்கள் என்றால் .22 எடுக்காதீர்கள், அது சாகடிக்க எடுக்கும் நேரம் முழுக்க அந்த உயிர் வலியில் இருக்கும். அப்புறம், மரத்தில் இருப்பது பெண்ணா என்று பாருங்கள். பனியில் அதன் தடத்தோடு குட்டிகளின் சின்னத் தடம் சேர்ந்து வருகிறதா என்று பின்னோக்கி நடந்து போய்ப் பாருங்கள். வந்தால் நாய்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

மோப்பக்காரன்:
இதைத்தான் நாங்களும் சொல்கிறோம். மரத்தில் ஏற்றினால்தான் நின்று பார்க்க நேரம் கிடைக்கும். நாய்களைத் தடுத்த இடத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

போய்சிவாசி:
அப்படியானால் .357 ரிவால்வர்? தூக்க லேசு. மோப்பக்காரர் அண்ணா, இது உங்களுக்குச் சம்மதமா?

மோப்பக்காரன்:
எனக்குச் சம்மதம். 500 அடி-பவுண்டுக்கு மேல் இருக்கிறது, கிட்டத்தில் தாராளம்.

எல்க்மலை:
வருடம் முழுக்க ரிவால்வரில் பழகுகிறவருக்குச் சரி. நாய் குரைக்கும் திசையில் முழங்கால் பனியில் மலை ஏறி வந்து நிற்கிறீர்கள். மூச்சு வாங்குகிறது, விரல் மரத்திருக்கிறது. அந்த நிலையில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த ரிவால்வர் முனை எவ்வளவு ஆடும் என்று இப்போதே வீட்டருகே உள்ள மேட்டில் ஓடி ஏறிப் பாருங்கள், தோட்டா போடாமல். ரைபிள் என்றால் ஒரு மரத்தில் சாய்த்துப் பிடிக்கலாம்.

மாமனார் துப்பாக்கியையே எடுங்கள். 150 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடை, முனை மெத்தென்று இருக்கும் குண்டு. போவதற்கு முன் உள்ளே இருக்கும் பழைய எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுங்கள், கடுங்குளிரில் அது இறுகினால் சுத்தியல் விழுந்தும் வெடிக்காது. குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், விழுந்து எழுந்தால் பனி உள்ளே அடைக்காது.