வெளிநாட்டுல கிழக்கிலங்கை ஆக்கள் நம்மள வேற ஊர் ஆக்கள் எண்டு நினைச்சாங்களா? அனுபவத்த எழுதுங்க

கல்லடிப் பொடியன்
கனடா ஸ்காபரோல ஒரு தமிழ்க் கடை. மரக்கறி எடுத்துட்டு காசு கட்டுற இடத்துல நிக்கன், போன்ல அம்மா. "மறுகா எடுக்கன் அம்மா, லைன்ல நிக்கன்" எண்டு வச்சிட்டன். பில் போட்ட யாழ்ப்பாணத்து ஐயா நிமிந்து பாத்து "தம்பி முஸ்லிமோ" எண்டார். வெள்ளிக்கிழம, கோயிலுக்குப் போட்டு நேர வந்தவன், நெத்தி நிறையத் திருநூறு. கண்ணால பாத்தும் காதத்தான் நம்பினார் மனிசன். மட்டக்களப்பு எண்டன். உடனே "ஓ, மந்திரம் செஞ்சு வந்தவனப் படுக்கிற பாயோட ஒட்ட வைக்கிற ஊர்" எண்டு சிரிப்பு, பின்னுக்கு நிண்டதுகளும் சிரிக்குதுகள். முஸ்லிம் எண்டு கேட்டதுல எனக்குக் கோவமே இல்ல, முஸ்லிம் ஊர் காத்தான்குடியும் தமிழ் ஊர் ஆரையம்பதியும் ஒட்டி ஒட்டி இரிக்கிற ஊர், பேச்சும் கிட்டத்தட்ட ஒண்டுதான். தமிழன் எண்டா இப்பிடித்தான் கதைக்கணும் எண்டு அவர் முடிவெடுத்து வச்சிரிந்தாரே, அதுதான் இன்னும் மனசுல கிடக்கு.

அக்கரைப்பற்றான்
சவூதில சைட்ல போர்மன் "யா சைலானி" எண்டுதான் கூப்பிடுவான், பேர் கேக்கவே மாட்டான். நாட்டுட பேர 1972ல மாத்தியாச்சு, அவங்களுக்கு இன்னும் சிலோன்தான், தேயிலப் பெட்டியிலயும் அதத்தானே பாக்காங்க. அதக்கூடத் தாங்கலாம். கேம்ப்ல மெஸ் பிரிச்ச அண்டைக்கு நடந்ததுதான் மறக்கேலா. தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருத்தர், ஒரே ரூம், தினம் என்னோட கதைக்கிறவர், "பாய், நீங்க கேரளாதான, அந்த மெஸ்ல சேந்துக்குங்க" எண்டார். அங்க போனா மலையாளிக் காக்கா "நீ தமிழனல்லே" எண்டு திருப்பி அனுப்பிட்டார். ரெண்டு லிஸ்ட்லயும் பேரில்லாம பீங்கானோட நடுவுல நிண்டன். கடைசியா பங்களாதேஷ் பொடியனுகள்தான் வா எண்டு சோறு போட்டாங்க, அவங்களுக்கு நான் எந்த ஊர் எண்ட கேள்வியே இல்ல.

ஏறாவூர் ராத்தா
நீங்க எல்லாரும் பேச்சப் பத்திச் சொல்றீங்க, எனக்கு நடந்தது வேற. லெபனான்ல வீட்டு வேலைக்கிப் போனவ நான். அங்க வேலைக்காரிக்கே "ஸ்ரீலங்கியே" எண்டுதான் பேர், எந்த நாட்டுப் புள்ளயா இரிந்தாலும். ஒருநாள் லிப்ட்ல மேல் மாடி மேடம் எதியோப்பியாப் புள்ள ஒண்டக் காட்டி, இது எங்கட புது ஸ்ரீலங்கியே, நல்ல வேலைக்காரி எண்டு நம்மட மேடத்துக்கிட்டச் சொல்றா. அந்தப் புள்ளைட ரெண்டு கையிலயும் தண்ணிக் கேன், விரலெல்லாம் வெளுத்துப் போய் இரிக்கு. அது என்னப் பாக்குது, நான் அதப் பாக்கன். ஸ்கூல்ல கொடி ஏத்தக்குள்ள எழும்பி நிண்டு பாடின நாட்டுப் பேர் தம்பி அது.

களுவாஞ்சிகுடி, சுவிஸ்
கல்லடித் தம்பி, அந்த ஐயாவோட மல்லுக்கட்டி என்ன வரப்போகுது? யாழ்ப்பாணத்தார் எல்லாரும் அப்பிடியில்ல, எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்ததே பருத்தித்துறை ஆள். கடையில சிரிச்சா சிரிச்சதோட போச்சு, பேச்சு விளங்காம வாழ்க்கையே மாறுற இடம் இரிக்கு, அதச் சொல்றன். என்ட அகதி விசாரணையில மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டு ஆள். "வெள்ளாப்புல ஆமி வந்து வீட்டச் சுத்திட்டாங்க" எண்டன். விடியப்பறம் எண்டு சொன்னத அவர் வெள்ளம் எண்டு விளங்கி, வெள்ளம் வந்த நேரம் ஆமி வந்தது எண்டு குடுத்திட்டார். கடைசில வாசிச்சுக் காட்டக்குள்ளதான் பிடிச்சன்.

அதனால புதுசா வாற புள்ளையள் கேளுங்க. தொடங்க முதலே நான் மட்டக்களப்புத் தமிழ் கதைக்கிறவன் எண்டு சொல்லி எழுதிக்க வைங்க. விளங்கல்ல எண்டா விளங்கல்ல எண்டு சொல்லுங்க, வெக்கம் வேணாம். எழுதினத வாசிச்சுக் காட்டுவாங்க, ஒவ்வொரு பக்கமும் கேட்டுப்போட்டு கையெழுத்து வைங்க, பசி, பஸ்ஸுக்கு நேரமாச்சு எண்டு அவசரப்படாதீங்க. முக்கியமா யாழ்ப்பாணம் மாதிரியோ சினிமா மாதிரியோ மாத்திக் கதைக்க வேணாம். பேச்ச வச்சு ஊரக் கண்டுபிடிக்கிற மொழி ஆய்வு கன நாட்டுல நடக்குது, சொன்ன ஊருக்கும் கதைக்கிற பேச்சுக்கும் பொருந்தாட்டி உங்களுக்குத்தான் பாதகம். நம்மட பேச்சு குறைஞ்சதும் இல்ல. தமிழ் ஆராய்ச்சி செஞ்ச கமில் சுவெலபில், பேச்சுத் தமிழுக்குள்ள எழுத்துத் தமிழுக்குக் கிட்டவா நிக்கிறது மட்டக்களப்புப் பேச்சு எண்டு எழுதினவர். காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகளத்தான் 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேராசிரியரா எடுத்தது. இதெல்லாம் புள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

கல்லடிப் பொடியன்
அண்ண, வெள்ளாப்புக் கதை உண்மையா நெஞ்சில அடிச்சிட்டு. ஆனா சிரிச்சதோட போச்சு எண்டு சொல்லாதீங்க. என்ட மகள் இப்ப தமிழ்க் கடைக்குள்ள போனா இங்கிலீஷ்லதான் கதைக்குது, நம்மட பேச்சக் கேட்டுச் சிரிக்காங்க எண்டு. ராத்தா, நீங்க எழுதினதுக்கு என்ன சொல்றது எண்டே தெரியல்ல.

கல்முனைக்குடி இல்ல, கல்முனை
இத்தாலி ஆக்கள் யாருமில்லையா? இங்க இலங்கை எண்டாலே "சிங்கலேசி", அதாவது சிங்களவர்தான், தமிழர் முஸ்லிம் எண்டு பிரிவே இல்ல. பலர்மோல சந்தா ரொசாலியா எண்ட புனிதைட மலைக்கு நம்மட ஆக்கள் சைவம் கிறிஸ்தவம் எண்டு பாக்காமப் போறது, அம்மாவும் நேத்தி வச்சி ஏறினவ. மெழுகுதிரி விக்கிற கிழவி, நல்ல மனிசி, அம்மாட கையப் பிடிச்சி "சிங்கலேசே, சிங்கலேசே" எண்டு சிரிக்கா. அம்மா சண்டைக்குள்ள ஊர விட்டு ஓடி வந்தவ, முகம் இறுகிட்டு. நெஞ்சில கை வச்சி "நோ, தமில்" எண்டா. கிழவி "சீ, சீ", அவங்கட பேச்சுல ஓம் ஓம், எண்டு தலையாட்டிப்போட்டு மகனுக்குச் சத்தம் வைக்கா, சிங்கலேசேக்கு ரெண்டு திரி குடு எண்டு.