டிரெய்லர் டிரம் பிரேக்: ஷூ மாட்டியபோது நேர்ந்தவை

அச்சாணி:
எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்; ஆனால் அந்த இறக்கம் மனத்தை விட்டுப் போகவில்லை. மின்காந்தத்தால் இயங்கும் பிரேக், ஒற்றை ஆக்சில். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் உரசி நிறுத்தும் வளைந்த துண்டுதான் ஷூ; அதன்மேலுள்ள உராய்வுப் பட்டை லைனிங். வலப்பக்க ஷூக்களை மாட்டி முடித்துப் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தைப் பார்த்தே இடப்பக்கத்தையும் மாட்டினேன். குட்டை லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்புறம் வர வேண்டும்; வலப்பக்கத்தில் அது என் வலக்கைப் புறம் இருந்தது. ஆகவே இடப்பக்கத்திலும் வலக்கைப் புறமே வைத்தேன். சக்கரத்தை நோக்கி உட்காரும்போது வண்டியின் முன்புறம் ஒரு பக்கத்தில் வலக்கைக்கும் மறுபக்கத்தில் இடக்கைக்கும் வரும் என்பது, இத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டிய எனக்கு அப்போது தோன்றவே இல்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் டிரெய்லர் வலப்புறமாக இழுத்தது. ஓரம் கட்டி, டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுசென்றேன். வலப்பக்கம் கிட்டப் போக முடியாத சூடு. இடப்பக்கம் வெறும் வெதுவெதுப்பு.

நான்காம் கியர்:
குட்டை ஷூ முன்னால், நீண்டது பின்னால் என்பதில் எனக்கு மறுப்பில்லை. முன் ஷூ டிரம்மோடு சுழல முயன்று, அடியிலுள்ள அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் திருகு) வழியாகப் பின் ஷூவைத் தள்ளுகிறது. பெரும்பகுதி வேலையைப் பின் ஷூதான் செய்கிறது. ஆனால் அந்த இழுப்புக்கு ஷூ மட்டுமே காரணம் என்று முடிவு கட்டுவது அவசரம். ஒருமுறை என் டிரெய்லரில், தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பில், இரு பக்க அட்ஜஸ்டர்களையும் இடம் மாற்றி மாட்டினேன். அவற்றின் மரைகள் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால், இறுக வேண்டிய ஒவ்வொரு முறையும் அவை தளர்ந்தன. டிரம்மைக் கழற்றியபோது அட்ஜஸ்டரைத் திருப்பும் நட்சத்திரச் சக்கரம் முழுவதும் உள்ளே சென்று முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பழைய ஹப்:
எனக்கு இவற்றில் எதுவும் நேரவில்லை. பேரிங்குக்கு கிரீஸ் வைத்த கையோடு புதிய லைனிங்கைத் தொட்டுவிட்டேன், அவ்வளவுதான். துணியால் துடைத்தால் போதும் என்று எண்ணி மாட்டினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தச் சக்கரம் மட்டும் வெடுக்கென்று பிடித்தது. கழற்றியபோது என் கட்டைவிரல் ரேகை லைனிங்கில் கறுப்பாக, பதிவேட்டில் வைத்ததுபோல் இருந்தது.

இரட்டை ஆக்சில்:
அச்சாணி அவர்களே, தவறு படத்தில் இல்லை, படத்தை நம்பியதில் இருக்கிறது. நானும் ஒரு முறை அப்படியே மாட்டினேன். வீட்டு வாசலைத் தாண்டுமுன் கண்டுபிடித்துவிட்டேன். இனி யாரும் படத்தை நம்ப வேண்டாம். பழைய ஷூவைக் கழற்றும் முன்பே அதன் விளிம்பில் சுண்ணக்கட்டியால் ‘முன்’, ‘பின்’ என்று எழுதிவிடுங்கள். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். கிரீஸ் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பார்க்காதீர்கள், மாற்றுங்கள். கிரீஸ் பின்புற சீல் (பேரிங் கிரீஸை வெளியே விடாமல் தடுக்கும் வளையம்) வழியாகக் கசிந்ததென்றால் சீலையும் மாற்றாமல் புது ஷூ போடுவது வீண். பழைய தூசியைக் காற்றடித்து ஊதுவது கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பேக் பிளேட்டில் (ஷூக்களைத் தாங்கும் பின்தகட்டில்) ஷூ உரசும் மேடுகளில் மட்டும், சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். டிரம்மின் உள்விட்டம் அதன்மேல் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டியிருந்தால் புது ஷூவும் உதவாது. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றியபடியே, கையால் திருப்பவே கடினமாகும் வரை அட்ஜஸ்டரை இறுக்கி, பிறகு மெல்லிய உரசல் மட்டும் எஞ்சும் வரை தளர்த்துங்கள். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் பாருங்கள், ஏனெனில் புதிய ஷூ டிரம்மின் வளைவுக்குப் படிந்ததும் இடைவெளி கூடிவிடும். காற்று பிரேக் வைத்த கனரக டிரெய்லர்காரர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே எஸ் வடிவக் கேம் ஷூவை விரிப்பதால் கணக்கே வேறு.

அச்சாணி:
நான்காம் கியர் அவர்களுக்கு: என் பிரேக்கில் அட்ஜஸ்டர் கையால் திருப்பும் வகை, இரு பக்கமும் ஒரே உரசலில்தான் வைத்திருந்தேன். இடப்பக்க ஷூக்களை இடம் மாற்றியபின், வேறெதையும் தொடாமல், அதே இறக்கத்தில் ஓட்டினேன். நேராக நின்றது. ஆனாலும் இறங்கி, இரு டிரம்களின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.